கனியும் கரும்பொன்னும்

தமிழ்நாட்டுச் சிற்றூர்க் கோயில்களில் எலுமிச்சையும் இரும்பும் சேர்ந்தே காணப்படுகின்றன என்பது எவர் கண்ணுக்கும் தெரியும் செய்தி. ஆயினும் அவ்விரண்டும் ஏன் சேர்ந்து நிற்கின்றன என்ற கேள்வியைச் சமய ஆராய்ச்சி பெரும்பாலும் ஒரு வரியில் கடந்துவிடுகிறது. அம்மன் சூலத்தின் முனையில் கனி செருகப்படுகிறது. கருப்பசாமியின் அரிவாள் நுனியிலும் அவ்வாறே. புதிதாக வாங்கிய வண்டியின் சக்கரங்களுக்கு அடியில் வைத்து நசுக்கப்படுவதும், கடைவாசலில் மிளகாயோடும் கரித்துண்டோடும் கம்பியில் கோக்கப்படுவதும், காவடி எடுப்பவரின் மேனியில் சிறு கொக்கிகளில் தொங்குவதும் அதே கனிதான். ஒன்று மரத்தில் காய்த்து நான்கு நாளில் வாடுவது. மற்றது மண்ணிலிருந்து தீயினால் பிரிக்கப்பட்டுத் தலைமுறைகளுக்கு நிற்பது. இவை இரண்டையும் இணைப்பது பொருள்களின் இயல்பா, மனிதரின் வழக்கமா என்பதும், அந்த இணைப்பு எத்தகைய தெய்வக் கொள்கையைத் தன்னுள் கொண்டிருக்கிறது என்பதும் இங்கு ஆராயத்தக்கவை.

முதலில் பெயர்களைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. தமிழில் எலுமிச்சை எனப்படுவது மேலைநாட்டுச் சமையல் நூல்களில் வரும் நீள்வடிவான, தடித்த தோலுடைய கனி அன்று. உருண்டையாகவும் சிறியதாகவும் மெல்லிய தோலோடும் இருப்பது. தாவர நூலார் இதனை நாரத்தை, கிச்சிலி, கொழுமிச்சை, கடாரங்காய் ஆகியவற்றோடு சேர்த்துச் சிட்ரஸ் என்னும் ஒரே பேரினத்தில் வைக்கின்றனர். அப்பேரினத்தின் மூதாதைகள் இமயத்தின் தென்கிழக்கு அடிவாரத்தை ஒட்டிய நிலப்பரப்பில் தோன்றியிருக்க வேண்டும் என்று 2018இல் வெளிவந்த மரபணு ஆய்வு ஒன்று கூறுகிறது. இரும்புக்குத் தமிழில் கரும்பொன் என்றொரு பழம்பெயர் உண்டு. பொன் என்பது தங்கத்துக்கு மட்டுமே உரியதாகச் சுருங்குவதற்கு முன் உலோகம் அனைத்துக்கும் பொதுப்பெயராக இருந்தமையால், நிறத்தை முன்னிட்டு இரும்பு கரும்பொன் ஆயிற்று.

‘எலுமிச்சைக்கும் இரும்புக்கும் என்ன தொடர்பு’ என்று கேட்கும்போது, தொடர்பு என்ற சொல் எதைக் குறிக்கிறது என்பதையும் வரையறுக்க வேண்டியுள்ளது. தமிழ் இலக்கணம் இதற்கு ஒரு கருவியை வைத்திருக்கிறது. ஆறாம் வேற்றுமையின் பொருளாகிய கிழமையை, அதாவது உடைமை உறவை, இலக்கண நூலார் இரண்டாகப் பிரித்தனர். பொருளிலிருந்து பிரிக்க முடியாதபடி அதனோடு ஒன்றியிருப்பது தற்கிழமை. எலுமிச்சையின் புளிப்பு அத்தகையது. தன்னினும் வேறான ஒன்றைத் தனக்கு உரியதாகக் கொள்வது பிறிதின்கிழமை. முருகனது வேல் அத்தகையது, ஏனெனில் வேல் கையைவிட்டு நீங்கினாலும் வேலாகவே இருக்கும். இந்த அளவுகோலின்படி, சூலத்தில் செருகிய கனிக்கும் சூலத்துக்கும் உள்ள உறவு பிறிதின்கிழமை. செருகியவர் பிடுங்கினால் முடிந்துபோவது. முதற்பார்வைக்குச் சரியாகத் தோன்றும் இம்முடிவு எவ்வளவு தூரம் தாங்கும் என்பது போகப் போகத் தெரியும்.

இவ்விரண்டின் உறவை முதலில் அறிந்தது கோயில் அன்று, அடுக்களை. அடுக்களையின் தீர்ப்பு இவை சேரக்கூடாது என்பதே. பழைய அரிவாள்மணையில் எலுமிச்சையை அரிந்துவிட்டு அலகைத் துடைக்காமல் விட்டால், சிறிது நேரத்தில் சாறு பட்ட இடம் சாம்பல் பூத்து, பிறகு நீலம் கலந்த கறுப்பாகிவிடும். துணியால் துடைத்தால் துணியில் கறை ஒட்டும். அரிந்த கனியின் வெட்டுவாயிலும் மெல்லிய கருங்கோடு ஒன்று படிந்து, நாக்கில் வைத்தால் இரும்பு வாடை அடிக்கும். ஆகவேதான் எலுமிச்சை ஊறுகாயும் நாரத்தங்காயும் பீங்கான் சாடியில் ஊறின. அவற்றைக் கிளற மரக்கரண்டி இருந்தது. புளிக்குழம்பு இரும்புச் சட்டியில் இராத்தங்கவில்லை. குரோமியம் கலந்த எவர்சில்வர் கத்தி வந்தபிறகு இந்த அறிவு மெல்ல மறைந்தது. இன்றைய அடுக்களையில் எலுமிச்சையும் இரும்பும் ஒன்றையொன்று கெடுப்பதைக் கண்டவர் அருகிவிட்டனர். பழைய சமையற்காரர்கள் கண்டது ஓர் இருமுனைச் செயல்: கத்தி கனியை வெட்டுகிறது, கனி கத்தியைத் தின்கிறது. அடுக்களை பிரித்துவைத்த இந்த இணையைக் கோயில் ஏன் சேர்த்துவைத்தது என்பதே கேள்வியின் உள்முடிச்சு.

கோயில் செய்வதைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். கருப்பர் கோயில்களில் நேர்த்திக்கடனாகத் தரப்பட்ட அரிவாள்கள் வரிசையாக நடப்பட்டிருக்கும். சில ஆளுயரத்தையும் மிஞ்சுபவை. அரிவாளுக்குப் பேர்போன சிவகங்கை மாவட்டத்துத் திருப்பாச்சேத்தி போன்ற ஊர்களின் கொல்லர் உலைகளில் அடிக்கப்பட்டவை. வெயிலும் மழையும் பட்டுத் துருவேறிய அவ்வலகுகளின் நுனியில் வெள்ளிக்கிழமைதோறும் புதுக் கனி ஏறும். குத்தும்போது பீறிடும் சாறு அலகின் வழியே வழிந்து, துருவின் மேல் ஒரு கோட்டை வரைந்துவிட்டு, கீழே பூசியிருக்கும் சந்தனத்தில் ஊறி நிற்கும். விழுப்புரம் மாவட்டத்தில் திருவெண்ணெய்நல்லூரை அடுத்துள்ள ஒட்டனந்தல் என்னும் சிற்றூரின் இரத்தினவேல் முருகன் கோயிலில் இவ்வழக்கம் இன்னும் தெளிவான வடிவம் எடுத்திருக்கிறது. அங்கே பங்குனி உத்திரத் திருவிழாவின் ஒன்பது நாள்களிலும் நாளுக்கு ஒன்றாக முருகனின் வேலில் குத்திவைக்கப்படும் கனிகள் விழா முடிவில் ஏலம் விடப்படுகின்றன. பிள்ளைப்பேறு வேண்டுவோர் குளித்து வந்து அவற்றைப் பெற்றுக்கொள்கின்றனர். 2024இல் ஒன்பது கனிகளும் சேர்ந்து ஏறத்தாழ 2 லட்சத்து 36 ஆயிரம் ரூபாய்க்குப் போயின. முதல் நாள் கனி மட்டும் 50,500 ரூபாய். சந்தையில் ஒரு கனியின் விலை சில ரூபாய்தான். எஞ்சிய மதிப்பு முழுவதும் வேல் தொட்டதனால் ஏறிய மதிப்பு.

இவ்வழக்கத்துக்கு இரண்டு ஆயத்த விளக்கங்கள் உண்டு. ஒன்று, கனி உயிர்ப்பலிக்கு மாற்று என்பது. குங்குமம் தடவி இரண்டாக அரிந்து வைக்கப்படும் கனியின் செந்நிறமும், திருஷ்டிப் பூசணிக்காயின் உள்ளே குங்குமம் கொட்டும் வழக்கமும் இதற்குச் சான்றாகக் காட்டப்படுகின்றன. இதில் உண்மை இருக்கிறது. ஆனால் இதுவே முழுமை என்று கொண்டால், பலி நிகழும் இடத்தில் கனிக்கு வேலை இருக்கக்கூடாது. கோயில்களில் உயிர்ப்பலியைத் தடைசெய்யும் சட்டம் தமிழ்நாட்டில் 1950இலேயே இயற்றப்பட்டு, நெடுங்காலம் ஏட்டளவில் கிடந்து, 2003இல் கடுமையாக நடைமுறைக்கு வந்து, எதிர்ப்பு வலுக்கவே 2004இல் நீக்கப்பட்டது. சட்டம் தூங்கிய காலத்திலும் நீங்கிய காலத்திலும் கிடா வெட்டப்படும் அதே கோயிலில், வெட்டுவதற்கு முன் அரிவாள் நுனியில் கனி குத்தப்பட்டே வந்திருக்கிறது. பலி கண்முன் இருக்கும்போது அதன் மாற்று எதற்கு என்ற வினாவுக்கு இவ்விளக்கம் விடை தருவதில்லை.

மற்றொன்று, இரும்பு பேய்களை ஓட்டும் என்பது. இரவில் உணவு கொண்டு செல்வோரும் பிள்ளை பெற்றவரும் இரும்புத்துண்டு வைத்துக்கொள்வதும், பேயை மரத்தில் ஆணியறைந்து கட்டுவதும் இந்நம்பிக்கையைச் சேர்ந்தவை. மானிடவியலார் ஜேம்ஸ் ஃபிரேசர் தமது ‘பொற்கிளை’ என்னும் பெருநூலில் இரும்பு பற்றிய விலக்குகளை உலகெங்குமிருந்து தொகுத்துக் காட்டி, அவ்வுலோகம் மனித வரலாற்றில் புதிதாக வந்தமையால் பழைய ஆவிகளுக்கு அது பிடிக்கவில்லை என்ற எண்ணம் அவற்றின் வேராக இருக்கலாம் என்றார். தமிழ் நிலத்தைப் பொறுத்தவரை இவ்வாதம் பொருந்துவது கடினம். மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் பொ.ஆ.மு. 2172 எனக் கணிக்கப்பட்டிருக்கிறது; மாநிலத் தொல்லியல் துறை 2025 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கை சிவகளை மாதிரிகளைப் பொ.ஆ.மு. 3345 வரை கொண்டுசெல்கிறது. இக்கணிப்புகள் பற்றிய வாதம் ஓயவில்லை எனினும், ஆதிச்சநல்லூர்த் தாழிகளோடு இரும்பு ஆயுதங்கள் புதைந்திருந்தமை நூறாண்டுக்கு முன்பே அகழ்வில் தெரியவந்ததால், இங்கே இரும்பு தெய்வங்களுக்குப் புதியதாக இருந்த காலத்தை எட்டிப்பிடிப்பது எளிதன்று. மேலும் ஃபிரேசரின் விளக்கம் இரும்பை மட்டுமே பேசுகிறது. நுனியில் இருக்கும் கனியைப் பற்றி அதற்குச் சொல்ல எதுவும் இல்லை.

மூன்றாவதாக ஒரு விளக்கம் அண்மைக்காலமாக வாட்ஸ்அப் வழியே பரவி வருகிறது. எலுமிச்சையில் கம்பி செருகினால் வைட்டமின் சி காற்றில் கலந்து நோயைத் தடுக்கும் என்றும், முன்னோர் இதை அறிந்தே செய்தனர் என்றும் அது கூறும். வைட்டமின் சி அவ்வாறு ஆவியாகிப் பரவும் பொருள் அன்று என்பது ஒருபுறமிருக்க, இத்தகைய விளக்கம் வழிபாட்டைப் பாதுகாப்பதாக எண்ணிக்கொண்டு அதன் பொருளையே காலி செய்துவிடுகிறது. தெய்வத்துக்குச் செய்ததைச் சுகாதாரத் துறைக்குச் செய்ததாக மாற்றிவிட்டால், பிறகு அங்கே தெய்வம் எதற்கு?

தத்துவ நூலார் பக்கம் திரும்பினால் வியப்பான ஓர் அமைதி காத்திருக்கிறது. இந்தியத் தத்துவத்தில் இரும்பு அடிக்கடி வரும் உவமை. ஆனால் அங்கே அதன் துணை எலுமிச்சை அன்று. சைவ சித்தாந்தத்தின் முதல்நூலாகிய சிவஞானபோதம் தனது ஐந்தாம் நூற்பாவில் காந்தத்தின் முன் வைத்த இரும்பை உவமையாக்குகிறது. பசாசம் என்பது அங்கே இரும்புக்கு வழங்கும் சொல். காந்தம் இரும்பைத் தொடாமல், தான் எந்த முயற்சியும் செய்யாமல், தன் முன்னிலை ஒன்றாலேயே அதை அசைப்பது போல, இறைவன் தான் மாறுபடாமல் உயிரை அறியவும் தொழிற்படவும் செய்கிறான் என்பது கருத்து. அத்வைதிகள் எடுத்தாளும் உவமை பழுக்கக் காய்ச்சிய இரும்பு. ‘இரும்பு சுட்டது’ என்று மக்கள் சொல்கின்றனர். உண்மையில் சுட்டது நெருப்பு. ஒன்றன் இயல்பை மற்றொன்றன் மேல் ஏற்றிக்காணும் இம்மயக்கத்துக்கு அத்தியாசம் என்று பெயர். ஆன்மாவின் அறிவை உடலின் மேல் ஏற்றிக்காண்பதும் அத்தகையதே என்பது அவர்கள் வாதம். நெருப்பு நீங்கியபின் இரும்பு பழையபடி இரும்பு. அதனால் நெருப்புக்கும் குறை எதுவும் இல்லை.

காந்தமும் நெருப்பும் தத்துவத்துக்கு ஏன் உகந்த துணைகளாயின என்பது இப்போது புலப்படும். தத்துவம் தேடுவது, செயல்பட்டும் தான் திரியாத ஒரு பொருளை. விகாரம் இன்மை, அதாவது எதனாலும் மாற்றம் அடையாமை, அதன் இறைவனுக்கு இன்றியமையாத இலக்கணம். எலுமிச்சை இந்தத் தேர்வில் தேறாது. அது இரும்பைத் தொட்டால் இரும்பும் கெடுகிறது, தானும் கெடுகிறது. தொடர்பு முடிந்தபின் இரண்டில் ஒன்றும் பழைய நிலையில் இல்லை. ஆகவே உவமை தேடிய ஆசிரியர் கண்ணில் எலுமிச்சை படவில்லை. சிற்றூர்க் கோயிலுக்கோ வேண்டியதே அந்தக் குறைதான். அங்குள்ள தெய்வம் மாறாத சாட்சி அன்று. அது சினக்கும், பசிக்கும், உக்கிரம் கொள்ளும், குளிரும், தணியும். ஆடி மாதத்துக் கூழும் வேப்பிலையும் மஞ்சள் நீரும் எலுமிச்சைச் சாறும் எல்லாம் அந்தத் தெய்வத்தைக் குளிர்விக்கும் பொருள்கள் என்றே வழங்குகின்றன. குளிர்விக்க முடிகிறது என்றால், தெய்வம் மனிதர் செய்யும் செயலால் மாறுகிறது என்று பொருள். அந்த மாற்றத்துக்கு உரிய அடையாளம், குத்தும் பொருளும் குத்தப்படும் பொருளும் ஒன்றையொன்று மாற்றிவிடும் இந்த இணையைவிட வேறெதுவாக இருக்க முடியும்? கனி கூர்மையை வாங்கிக்கொள்கிறது. வாங்கிக்கொள்ளும்போதே அதை மழுக்குகிறது. கிடா வெட்டும் அரிவாளிலும் கனி ஏன் இருக்கிறது என்ற முன்னைய வினாவுக்கு இங்கே ஒரு விடை கிடைக்கிறது: கிடா தெய்வத்துக்கு உணவு, கனி ஆயுதத்துக்குத் தணிப்பு, இரண்டும் இருவேறு வேலைகள்.

இதே இரண்டு பொருள்களை நேர் எதிராக வைத்த ஒரு சமயத்தோடு ஒப்பிட்டால் இக்கருத்து மேலும் துலங்கும். யூத மரபில் பலிபீடத்தின் கற்களை இரும்பு தீண்டக்கூடாது. யூத வேதமாகிய தோராவின் யாத்திராகமமும் உபாகமமும் இதை விதியாகவே கூறுகின்றன. சாலொமோன் கட்டிய ஆலயத்தில் கட்டுமானத்தின்போது இரும்புக் கருவியின் ஓசையே கேட்கவில்லை என்று இராஜாக்களின் புத்தகம் சொல்கிறது. மனிதரின் ஆயுளைக் குறைக்க உண்டானது இரும்பு, ஆயுளை நீட்டிக்க உண்டானது பலிபீடம், ஆகவே குறைப்பது நீட்டிப்பதைத் தொடலாகாது என்று மிஷ்னா என்னும் பழைய சட்டத்தொகுப்பு காரணம் காட்டுகிறது. அதே யூதர் சுக்கோத் என்னும் கூடாரப் பண்டிகையில் கையில் ஏந்துவது எத்ரோக் எனப்படும் கனி. அது எலுமிச்சையின் மூத்த உறவாகிய சிட்ரன். அக்கனி துளைபட்டு எள்ளளவு குறைந்திருந்தாலும் சடங்குக்கு ஆகாது. காம்புக்கு எதிர்ப்புறத்தில் உள்ள சிறு முனை உடைந்தாலே தள்ளிவிடும் சமூகங்கள் உண்டு. பண்டிகைக்கு முன் கனியைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து வாங்குவது இன்றும் நடக்கிறது. அங்கே தூய்மை என்பது தீண்டப்படாமை, துளைபடாமை. ஆகவே சிட்ரஸ் கனியும் இரும்பும் சந்திக்கவே கூடாது. ஒட்டனந்தலில் துளைபட்ட கனிக்குத்தான் மதிப்பு. இரண்டு மரபுகளும் கூர்மைக்கும் கனிக்கும் இடையே உள்ள பகையை ஒன்றுபோலவே கண்டிருக்கின்றன. ஒன்று அதை விலக்கி வைத்தது, மற்றொன்று அதையே வழிபாடாக்கியது.

இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு படிமம் உண்டு. பிள்ளையாரின் கைகளில் அங்குசமும் மாதுலுங்கமும் இருக்கும் வடிவங்கள் பல. அங்குசம் யானையை அடக்கும் இரும்புத் துரட்டி, மாதுலுங்கம் மேற்சொன்ன சிட்ரன் கனியே. பெயர் ஒலியால் மயங்கி அதை மாதுளை என்போரும் உண்டு. விதை நிறைந்தது என்னும் பொருளில் வடமொழி அதைப் பீஜபூரம் என்று அழைக்கிறது. கொல்லாபுரத்து மகாலட்சுமியும் ஒரு கையில் இக்கனியையும் மற்றொரு கையில் கதாயுதத்தையும் கொண்டவள். இங்கே கனியும் ஆயுதமும் ஒரே உடலில் இருக்கின்றன, ஆனால் வேறுவேறு கைகளில். ஆகமச் சிற்பி அவற்றைச் சேர்த்தும் சேர்க்காமலும் வைத்துவிட்டான் என்று சொல்லலாம். பிள்ளைப்பேற்றுக்காக வேலின் கனியை வாங்குவோருக்கு விதை நிறைந்த கனி என்ற இப்பழைய எண்ணம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. வழக்கம் பெரும்பாலும் விளக்கத்தைவிட நீண்ட ஆயுள் உடையது.

அடுக்களை பிரித்ததையும் கோயில் குத்திவைத்ததையும் சித்த மருத்துவம் மூன்றாவது வழியில் கையாண்டது. அறுசுவையும் ஐம்பூதங்களின் இருமைச் சேர்க்கையால் பிறப்பன என்பது சித்தர் கொள்கை. அதன்படி இனிப்பு மண்ணும் நீரும், துவர்ப்பு மண்ணும் காற்றும், புளிப்பு மண்ணும் தீயும். இரும்பும் மண்ணைத் தீயில் இட்டுப் பெறப்படுவதே என்பதை இதன் அருகில் வைத்துப் பார்த்தால், புளிப்பும் இரும்பும் ஒரே தாய்தந்தையரின் மக்கள்போலத் தோன்றும். மருத்துவ நூல்கள் இவ்வாறு இணைத்துக் கூறுகின்றன என்று கொள்ள வேண்டியதில்லை. ஆனால் செய்முறை அந்த உறவை அறிந்ததுபோலவே நடக்கிறது. அன்னபேதி என்பது இரும்பின் உப்பு. பச்சைப் படிகமாகக் கிடைப்பது. காற்றுப்பட வைத்தால் மேலே பழுப்பு பூக்கும். சுத்திசெய்த அன்னபேதியைக் கல்வம் என்னும் அரைகல்லில் இட்டு எலுமிச்சம் பழச்சாறு விட்டு அரைத்து, வில்லை தட்டி, வெயிலில் உலர்த்தி, அகலில் வைத்து மற்றோர் அகலால் மூடி, சந்தில் சீலைமண் பூசி, எருவடுக்கிப் புடம் போட்டால், ஆறியபின் உள்ளே இருப்பது செந்நிறப் பொடி. இதுவே அன்னபேதிச் செந்தூரம். சோகை எனப்படும் வெளுப்பு நோய்க்குத் தரப்படுவது. பச்சை சிவப்பாகிறது, சாற்றின் புளிப்பு தீயில் எரிந்துபோகிறது. அடுக்களையில் கெடுதல் எனப்பட்டதே இங்கே மருந்தாக்கும் வழி.

இனி வேதியியல் கூறுவதைக் கேட்கலாம். அது முன்சொன்னவற்றுக்குச் சான்றிதழ் வழங்குவதற்காக இங்கே அழைக்கப்படவில்லை. தற்கிழமை, பிறிதின்கிழமை என்ற பிரிவு தாங்குமா என்று பார்ப்பதற்கே. எலுமிச்சையின் புளிப்பாகிய சிட்ரிக் அமிலத்தை அதன் சாற்றிலிருந்து படிகமாகப் பிரித்தெடுத்தவர் ஸ்வீடன் நாட்டில் வாழ்ந்த கார்ல் வில்ஹெல்ம் ஷீலே, ஆண்டு 1784. அந்த அமிலத்தின் மூலக்கூறு இரும்பு அயனியைப் பல முனைகளில் ஒரே நேரத்தில் பற்றிக்கொள்கிறது. நண்டு தன் கொடுக்கால் கவ்வுவதுபோல் இருப்பதால் இவ்வகைப் பிணைப்பைத் தமிழ்ப் பாடநூல்கள் கொடுக்கிணைப்பு என்கின்றன. துருவின் மேல் சாறு பட்டதும் துரு கரைவதற்கு இது ஒரு காரணம். இரும்பு அழியவில்லை, கரைந்து நீரோடு செல்லத்தக்க வடிவம் பெறுகிறது. அரிவாள்மணையின் அலகு கறுத்ததும், கருப்பர் அரிவாளின் துருவில் சாறு கோடு கிழித்ததும் இந்த அமிலத்தின் வேலையே.

அதைவிடச் சுவையானது கனிக்கு உள்ளே நடப்பது. உயிரணு உணவிலிருந்து ஆற்றல் பெறும் சுழற்சியை ஹான்ஸ் கிரெப்ஸ் 1937இல் விளக்கினார். சிட்ரிக் அமிலம் அச்சுழற்சியின் ஒரு படி. அடுத்த படிக்கு அதை மாற்றும் நொதி, அதாவது உயிர்வினையை விரைவுபடுத்தும் புரதம், அகோனிடேஸ் எனப்படுவது. அதன் நடுவே நான்கு இரும்பு அணுக்களும் நான்கு கந்தக அணுக்களும் சேர்ந்த ஒரு சிறு கூடு அமர்ந்திருக்கிறது. அந்த இரும்பு இல்லாவிட்டால் நொதிக்கு வேலை இல்லை. சிட்ரஸ் காயின் சாற்றுப்பைகளில் இந்நொதியின் செயல் குறைவதே அமிலம் தேங்கக் காரணங்களுள் ஒன்று என்று ஆய்வாளர் கருதுகின்றனர். தேங்கிய அமிலமே நாக்கில் புளிப்பு. எலுமிச்சையின் புளிப்பு தற்கிழமைக்கு எடுத்துக்காட்டாக மேலே சொல்லப்பட்டது. அந்தப் புளிப்பின் அளவை ஒரு பங்கு ஆள்வது கனிக்குள் இருக்கும் இரும்பு என்றால், பிறிது எனப்பட்டது எங்கே நிற்கிறது? பூசாரி வெளியிலிருந்து செருகும் இரும்புக்கு முன்பே, கண்ணுக்குத் தெரியாத அளவில் இரும்பு கனிக்குள் குடியிருக்கிறது. இதைக் கொண்டு பூசாரிக்கு நொதியியல் தெரியும் என்று சொல்வது வாட்ஸ்அப் வாதத்துக்குத் திரும்புவதாகும். சொல்லக்கூடியது சிறியது: இலக்கணம் வகுத்த கோடு சொற்களுக்கு இடையே நேராகச் செல்கிறது, பொருள்களுக்குள் நுழையும்போது வளைகிறது.

மனித உடலிலும் இவ்வளைவு உண்டு. கீரையிலும் பயற்றிலும் உள்ள இரும்பைக் குடல் எளிதில் ஏற்பதில்லை. உணவோடு எலுமிச்சைச் சாறு சேர்ந்தால் அதிலுள்ள வைட்டமின் சி இரும்பைக் குடல் ஏற்கும் வடிவுக்கு மாற்றித் தருகிறது. முருங்கைக்கீரைப் பொரியலை இறக்கியபின் அரைமூடி பிழிவோர் இதைச் சுவைக்காகவே செய்கின்றனர். வளர்ந்த ஒருவரின் உடலில் உள்ள இரும்பு மொத்தமும் மூன்று நான்கு கிராம்தான். ஓர் ஆணிக்குத் தேறும்.

தாவரங்களில் வேர் உறிஞ்சும் இரும்பு தனியாக மேலேறுவதில்லை. தண்டின் நீர்க்குழல்களில் அது சிட்ரிக் அமிலத்தின் அயனியாகிய சிட்ரேட்டோடு பிணைந்தே இலைக்குச் செல்கிறது. இது எல்லாச் செடிகளுக்கும் பொது எனினும் சிட்ரஸ் மரங்களுக்கு வந்து சேரும் இடர் அவற்றின் பெயருக்கே முரணானது. தமிழ்நாட்டில் எலுமிச்சைச் சந்தைக்குப் பேர்போனது தென்காசி மாவட்டத்துப் புளியங்குடி. அங்காயினும் வேறெங்காயினும் நிலத்தில் சுண்ணாம்புத் தன்மை மிகுந்தால், மண்ணில் இரும்பு ஏராளமாக இருந்தும் கரையாமல் கிடக்க, மரத்தின் கொழுந்திலைகள் வெளுக்கத் தொடங்கும். நரம்புகள் மட்டும் பச்சைக் கோடுகளாக நிற்க, இடைப்பரப்பு மஞ்சளாகிப் பின் வெண்மைக்கு நெருங்கும். மனிதருக்கு வரும் வெளுப்பு நோயின் இலைவடிவம் என்றே சொல்லத் தோன்றும். இதற்கு உழவர் தெளிப்பதும் அன்னபேதியே. ஆனால் அன்னபேதியைக் கிணற்று நீரில் கரைத்துச் சிறிது நேரம் வைத்தால் கரைசல் கலங்கிப் பழுப்பாகி, இரும்பு துருவாகத் தொட்டியின் அடியில் படிந்துவிடும். தெளிப்பான் முனையும் அடைத்துக்கொள்ளும். அதைத் தடுக்கச் சிறிதளவு சிட்ரிக் அமிலம் சேர்க்கப்படுகிறது. எலுமிச்சையைப் பிழிந்து விட்டாலும் அதே வேலை நடக்கும். கரைசல் தெளிவாக நிற்கிறது. மாலை வெயில் தாழ்ந்தபின் மரத்தின் மேல் தெளிக்கப்படுகிறது. சில நாள் கழித்து இலையைத் திருப்பிப் பார்த்தால், துளி விழுந்த இடங்கள் மட்டும் பச்சைப் புள்ளிகளாகவும் மற்றப் பரப்பு பழைய மஞ்சளாகவும் இருக்கும். இலைக்குள் புகுந்த இரும்பு, தான் தொட்ட இடத்தைவிட்டு எளிதில் நகர்வதில்லை.